ஆன்லைன் ரம்மிக் கடன் தெரியவந்த பிறகு: வீட்டாருக்கான முதல் 3 மாத வழிகாட்டி

கணவரோ மகனோ தம்பியோ ஆன்லைன் ரம்மியிலும் கிரிக்கெட் பந்தயத்திலும் பணத்தை விட்டிருப்பது பெரும்பாலும் கடன் கொடுத்தவரின் போன் வழியாகத்தான் வீட்டுக்குத் தெரியவருகிறது. அன்று இரவே நகையைத் திரட்டி, நிலத்தை விலை பேசி, எப்படியாவது எல்லாக் கடனையும் அடைத்துவிடக் குடும்பம் ஓடும். தயவுசெய்து ஓடாதீர்கள். கடனை அடைப்பது ஐந்தாவது வேலை. கிரெடிட் கார்டு பாக்கியைக் கட்டியவுடன் அதே அளவு லிமிட் மறுபடி திறந்துகொள்ளும். கடன் ஆப்பில் ஒரு தவணையை முடித்தால் அடுத்த நிமிடமே அதைவிடப் பெரிய தொகை "தயார்" என்று செய்தி வரும். ஆடும் பழக்கத்துக்கு வைத்தியம் பார்க்காமல், பணம் போகும் வழிகளை அடைக்காமல் கடனை மட்டும் தீர்த்தால், இன்னொரு சுற்று ஆடுவதற்கு நீங்களே முதல் போட்டுக் கொடுத்ததாக ஆகிவிடும்.

சட்டத்தைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடைசெய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்துக்குப் பிறகு, இந்தியாவில் பதிவான பெரிய ரம்மி, ஃபேன்டசி கிரிக்கெட் செயலிகள் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களை நிறுத்தின. ஆடியவர் பலர் அதோடு நிற்கவில்லை. டெலிகிராம், வாட்ஸப் குழுக்களில் வரும் லிங்க் வழியாக வெளிநாட்டுப் பந்தயத் தளங்களுக்குப் போனார்கள். "ஆப்பெல்லாம் தடை பண்ணிட்டாங்களே, இனி எங்கே ஆடப்போறார்" என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

1. முதல் இரவு: உயிர்

கடன் வெளியே தெரிந்த முதல் சில நாட்கள்தான் மிக ஆபத்தானவை. அவமானம், பயம், தூக்கமின்மை மூன்றும் ஒன்றாகச் சேரும் நேரம் அது. அவரைத் தனியே விடாதீர்கள். வீட்டிலுள்ள பூச்சிமருந்து, மிச்சம் இருக்கும் மாத்திரைகள் எல்லாவற்றையும் வேறு வீட்டுக்கு மாற்றுங்கள்.

நேராகவே கேளுங்கள்: "சாகணும்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. இருப்பவருக்கு அதைச் சொல்ல ஒரு வாசல் திறக்கும். ஆமாம் என்றாலோ, பதில் சொல்லாமல் அழுதாலோ, 14416க்கு அழையுங்கள். இது அரசின் டெலி மானஸ் எண். கட்டணம் கிடையாது, 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். வீட்டாரும் அழைத்து என்ன செய்வதென்று கேட்கலாம். ஏற்கெனவே ஏதாவது செய்துகொண்டிருந்தால் 108ஐ அழையுங்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து தாமதிக்காதீர்கள். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு சொல்கிறது.

அந்த இரவில் மொத்தக் கடன் எவ்வளவு என்று குடைய வேண்டாம். அப்போது சொல்லும் தொகை உண்மையாக இருப்பது அபூர்வம். பாதியைச் சொல்வார்கள், மீதி அடுத்த வாரம் வரும், அதற்கடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் வரும். ஒவ்வொரு தடவையும் புதிதாக ஏமாந்ததுபோல் நீங்கள் உடைந்து போவீர்கள். தொகையைத் தாள்கள் சொல்லட்டும்.

2. முதல் 3 நாள்: பணம் போகும் வழிகளை அடைப்பது

அவரை அருகில் உட்காரவைத்து, அவர் கையாலேயே செய்யவையுங்கள். அவருக்குத் தெரியாமல் அவருடைய நெட்பேங்கிங்கில் நுழைவது சட்டப்படியும் தவறு. இரண்டு நாளில் நம்பிக்கையும் முறிந்துவிடும்.

சம்பளம் வரும் கணக்கிலிருந்து, சம்பள நாளன்றே வீட்டுக் கணக்குக்குப் பணம் தானாக மாறும்படி வங்கியில் நிலையான உத்தரவு கொடுங்கள். வீட்டுக் கணக்கு உங்கள் பெயரில் மட்டும் இருக்கட்டும், கூட்டுக் கணக்கு வேண்டாம். அவர் கைச்செலவுக்கு யுபிஐ சர்க்கிள் நல்ல வழி. உங்கள் கணக்கிலிருந்து அவர் செலவு செய்யலாம். வரம்பை நீங்கள் வைக்கலாம். முழு அனுமதி கொடுத்தாலும் மாதம் 15,000, ஒரு தடவைக்கு 5,000 ரூபாய்க்கு மேல் போகாது. தொடக்கத்தில் மாதம் 3,000 போதும்.

டெபிட் கார்டை வாங்கி வைத்துக்கொண்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. பல வங்கிகளில் ஆதார் ஓடிபியை வைத்தே யுபிஐ பின்னைப் புதிதாக அமைத்துக்கொள்ளலாம். கணக்கில் பணம் இல்லாமல் இருப்பதே நம்பகமான பூட்டு. கார்டுகளுக்கு, வங்கிச் செயலியில் ஆன்லைன் பயன்பாடு, வெளிநாட்டுப் பயன்பாடு இரண்டையும் அணைத்துவிடுங்கள். பாக்கி இல்லாத கிரெடிட் கார்டை மூடச் சொல்லி எழுதிக் கொடுங்கள், 7 வேலை நாளுக்குள் மூடியாக வேண்டும். பாக்கி இருப்பதைத் தற்போதைக்கு முடக்கி வையுங்கள். பே லேட்டர் (இப்போது வாங்கிப் பிறகு கட்டும் கடன் வசதி), யுபிஐயில் இணைத்த ரூபே கிரெடிட் கார்டு, யுபிஐ ஆட்டோபே (தானாகப் பணம் பிடிக்கும் அனுமதி) ஆகியவற்றையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து நிறுத்துங்கள்.

போனில், வெளியிலிருந்து செயலி நிறுவும் அனுமதியை (பிரவுசர், டெலிகிராம், வாட்ஸப் மூன்றுக்கும் தனித்தனியே இருக்கும்) அணையுங்கள். பெட்பிளாக்கர் என்ற செயலி இலவசம். சூதாட்டத் தளங்களை நீங்கள் தேர்ந்தெடுக்கும் காலம் வரை தடுத்துவைக்கும். குறைந்தது ஒரு வருடம் என்று வையுங்கள். எல்லாத் தளத்தையும் அது பிடிக்காது. வெளிநாட்டுத் தளங்கள் முகவரியை மாற்றிக்கொண்டே இருக்கும் என்பதால் குழுக்களிலிருந்து வெளியேறுவதும் அதே அளவு முக்கியம்.

சிம்மை உடனே மாற்றிவிடாதீர்கள். வங்கி, ஆதார், கடன் ஆப் எல்லாம் அந்த எண்ணில்தான் இருக்கும், கணக்கு எடுக்க அது தேவை. அவர் பெயரில் வேறு சிம் இருக்கிறதா என்று மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். இரண்டாவது போன் வெளிவருவது பெரும்பாலும் இங்கேதான்.

3. முதல் 2 வாரம்: உண்மையான தொகையைக் கண்டுபிடிப்பது

ஒரு ஃபைல் வாங்கிக்கொண்டு இந்தத் தாள்களைச் சேருங்கள். எல்லா வங்கிக் கணக்குகளுக்கும் கடைசி 12 மாத ஸ்டேட்மென்ட். நான்கு கடன் தகவல் நிறுவனங்களின் அறிக்கைகள்: சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க் (முடிந்தால் இவற்றில் ஒன்றை 90ஆம் நாளுக்கு மிச்சம் வையுங்கள்). ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். மாதக் கட்டணத் திட்டத்தில் சேரச் சொன்னால் தவிர்த்துவிடுங்கள். சிபில் மட்டும் பார்த்து நிறுத்தாதீர்கள். ஒன்றில் தெரியாத கடன் இன்னொன்றில் தெரியும். வருமான வரித் தளத்தில் அவருடைய ஆண்டுத் தகவல் அறிக்கையையும் எடுங்கள். இந்தியச் செயலிகளில் ஜெயித்த பணத்துக்கு 30 சதவீதம் வரி பிடித்திருந்தால் அதில் இருக்கும். எந்தக் காலத்திலிருந்து, எந்தச் செயலியில் ஆடினார் என்பதற்கு அதுவே ஓரளவு சாட்சி.

அறிக்கையில் வராதவற்றைக் கேட்டு எழுத வேண்டும்: கைமாத்து, தண்டல், கந்துவட்டி, எடுத்துவிட்ட சீட்டு, எல்ஐசி பாலிசிமேல் கடன், பிஎஃப் முன்பணம், அலுவலகக் கூட்டுறவுச் சங்கக் கடன், நண்பருக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்து. பிஎஃப் பாஸ்புக்கை அவரே திறந்து காட்டட்டும். வீடு, நிலம் இருந்தால் பத்திரப்பதிவுத் துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் வில்லங்கத்தைக் கட்டணமில்லாமல் பாருங்கள். பத்திரத்தை ஒப்படைத்து வாங்கிய கடன் பதிவாகியிருந்தால் தெரிந்துவிடும். பீரோவில் அசல் பத்திரம் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். நகைப் பெட்டியையும் திறந்து பாருங்கள். அடகுச் சீட்டு தேதியோடு கிடைக்கும்.

ஸ்டேட்மென்ட்டைப் படிக்க ஒரு மஞ்சள் பேனா போதும். ஆட்டத்தின் தடம் இப்படி இருக்கும்: இரவு 11.52க்கு 500, 12.10க்கு 1,000, 12.31க்கு 2,000, 12.40க்கு 5,000. பிறகு 1.15க்கு 8,760 ரூபாய் வரவு. அது ஜெயித்த பணம் என்று சந்தோஷப்பட வேண்டாம். 12,000 ரூபாய் கடனில் "பிராசசிங் கட்டணம்" பிடித்துக்கொண்டு கடன் ஆப் போட்ட தொகையாக இருக்கலாம். 1.18க்கு அந்த 8,760ம் வெளியே போயிருக்கும். விட்டதைப் பிடிக்கிறேன் என்று தொகையை இரட்டிப்பாக்கிக்கொண்டே போவது இந்த நோயின் முக்கிய அடையாளம். வெளிநாட்டுத் தளங்களுக்கான பணம் முன்பின் தெரியாத தனிநபர், மளிகைக்கடை பெயர்களுக்குப் போயிருக்கும். அவை வாடகைக்கு எடுத்த கணக்குகள். ஜெயித்த பணமும் அப்படியொரு கணக்கிலிருந்துதான் வரும். அந்தக் கணக்கு வேறு ஏதாவது மோசடியில் சிக்கியிருந்தால் சைபர் போலீஸ் அவருடைய கணக்கையும் முடக்கிவைக்கலாம். "உங்க அக்கவுன்டைக் கொடுங்க, கமிஷன் தர்றோம்" என்று யாராவது கேட்டு அவர் கொடுத்திருக்கிறாரா என்பதைக் கட்டாயம் விசாரியுங்கள். கொடுத்திருந்தால் முதல் வேலையாக வக்கீலைப் பாருங்கள்.

4. அதே 2 வாரத்துக்குள்: மருத்துவர்

கணக்கு முடியட்டும், அப்புறம் டாக்டரிடம் போகலாம் என்று தள்ளாதீர்கள். சூதாட்ட நோய் உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் இருக்கிறது. இதைத் திமிர், சோம்பல், வளர்ப்பு சரியில்லை என்று பேசுவதை இத்தோடு விடுங்கள். கூடவே மனச்சோர்வும் பதற்றமும் குடியும் சேர்ந்திருப்பது சகஜம். அதனால் ஆலோசகரிடம் மட்டும் போகாமல் முதலில் மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மாவட்டத் தலைமை மருத்துவமனை மனநலப் பிரிவுகளில் ஓபி இலவசம். காலை சீக்கிரம் போய்ச் சீட்டு போடுங்கள், ஆதாரை எடுத்துக்கொள்ளுங்கள், முதல் நாளுக்கு அரை நாள் லீவு தேவைப்படும். சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை இருக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸில் போன், இணையப் பழக்கங்களுக்கென்றே ஷட் என்ற தனி கிளினிக் இருக்கிறது.

டாக்டருக்கு ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போங்கள்: எப்போது தொடங்கியது, வாரத்தில் எத்தனை இரவு, ஒரே நாளில் விட்ட அதிகபட்சம், தூக்கம், குடி, சாவு பற்றிய பேச்சு. ஏற்கெனவே சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் சீட்டும் வேண்டும். பார்க்கின்சன் நோய்க்கும் கால் குடைச்சலுக்கும் கொடுக்கப்படும் பிராமிபெக்சோல், ரோபினிரோல், சில மனநோய்களுக்குக் கொடுக்கப்படும் அரிபிப்ரசோல் போன்றவை சிலருக்குச் சூதாடும் உந்துதலைக் கொண்டுவரும். ஐம்பது அறுபது வயதில் திடீரென்று ஆட ஆரம்பித்தவர் வீட்டில் இதை முதலில் பாருங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டர் மாற்றுவார்.

சிகிச்சையின் நடுநாயகம் சிந்தனை, நடத்தைப் பயிற்சி (சிபிடி): ஆடத் தூண்டும் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்குவது. பொதுவாக வாரம் ஒன்றாக 8 முதல் 12 அமர்வுகள். மனச்சோர்வுக்கான மாத்திரை கொடுத்தால் பலன் தெரிய 2 முதல் 4 வாரம் ஆகும், "கேக்கலை" என்று பத்தாம் நாள் நிறுத்துவதுதான் அதிகம் நடக்கும் தவறு. ஆட்டத்தை விட்ட முதல் சில வாரங்களில் எரிச்சலும் தூக்கமின்மையும் வரும். அதற்காக மருந்துக்கடையில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். தனியாரிடம் போனால் மருத்துவருக்கும் பயிற்சிக்கும் தனித்தனிக் கட்டணம். சேர்வதற்கு முன்பே மொத்த அமர்வுக்கு எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

ஒரு பெரிய பொறி இருக்கிறது. "ஆள் அனுப்பி கூட்டிட்டுப் போறோம், மூணு மாசம் உள்ளே வெச்சு மாத்திக் கொடுக்கிறோம்" என்று சொல்லும் மறுவாழ்வு மையங்கள். சுயமாக முடிவெடுக்கும் நிலையிலுள்ள ஒரு பெரியவரை அவர் சம்மதமில்லாமல் பூட்டி வைக்க மனநலப் பாதுகாப்புச் சட்டம் இடம் தரவில்லை. மாநில மனநல ஆணையத்தில் பதிவு இருக்கிறதா, மருத்துவர் யார் என்று கேளுங்கள். காகிதத்தில் காட்டாவிட்டால் திரும்பிவிடுங்கள். அப்படிப் பூட்டப்பட்டு வந்தவர் அடுத்த தடவை கடனை உங்களிடம் சொல்லவே மாட்டார்.

வர மறுத்தால் நீங்கள் மட்டுமாவது போங்கள். வீட்டாருக்கு வழி சொல்வதும் மருத்துவரின் வேலைதான்.

5. மூன்றாவது வாரத்திலிருந்து: கடன்

ஒரு தாளில் மாத வருமானத்தை எழுதி, அரிசி, வாடகை, பள்ளிக் கட்டணம், மருந்து எல்லாவற்றையும் கழியுங்கள். வருமானம் 38,000, வீட்டுச் செலவு 22,000 என்றால் கடனுக்கு இருப்பது 16,000. எல்லா இஎம்ஐயும் சேர்ந்து 27,000 ஆகிறது என்றால், மீதி 11,000க்குப் புதுக் கடன் வாங்கக் கூடாது. யாருக்கு முதலில் என்பதுதான் கேள்வி.

முதலில் நகைக்கடனும் வீட்டுக் கடனும். கெடு தாண்டினால் சொத்தே போகும். அடகுச் சீட்டின் தேதியைப் பார்த்து, கெடுவுக்கு ஒரு மாதம் முன்பே கிளைக்குப் போய் வட்டியைக் கட்டிப் புதுப்பிக்க முடியுமா என்று கேளுங்கள். அடுத்து கிரெடிட் கார்டு. "குறைந்தபட்சத் தொகை" மட்டும் கட்டிக்கொண்டிருந்தால் வருடத்துக்கு 36 முதல் 42 சதவீதம் வரை வட்டி ஓடும். பாக்கியை இஎம்ஐயாக மாற்றச் சொல்லி எழுதிக் கொடுங்கள். தனிநபர் கடன் கொடுத்த வங்கிக்கும் நிதி நிறுவனத்துக்கும், தவணை தவறுவதற்கு முன்பே, வருமானத் தாளும் மருத்துவர் சீட்டும் இணைத்து, காலத்தை நீட்டி இஎம்ஐயைக் குறைக்கும்படி மின்னஞ்சல் அனுப்புங்கள். போனில் பேசியது எதுவும் பின்னால் நிற்காது. கணக்கில் பணமில்லாமல் ஆட்டோ டெபிட் திரும்பினால் வங்கி ஒரு பக்கம், கடன் கொடுத்தவர் ஒரு பக்கம் அபராதம் போடுவார்கள். செக் திரும்பியதுபோல வழக்குப் போடவும் இடமிருக்கிறது.

கைமாத்து கொடுத்த சொந்தக்காரர்களிடம் உண்மையைச் சொல்லி, மாதம் ஆயிரமோ இரண்டாயிரமோ என்று பேசுங்கள். சொல்வதில் இன்னொரு லாபமும் உண்டு: அவர்கள் இனிமேல் அவருக்குக் கொடுக்க மாட்டார்கள்.

செட்டில்மென்ட்டில் அவசரம் வேண்டாம். குறைத்துக் கட்டி முடித்தால் சிபிலில் "செட்டில்டு" என்று விழும், முழுதாகக் கட்டியதற்கு விழும் "குளோஸ்டு" வேறு. அப்படியும் அதுதான் வழி என்றால், நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில் தொகையும் தேதியும் எழுதிய கடிதம் கைக்கு வந்த பிறகே பணம் கட்டுங்கள். வசூலுக்கு வரும் ஆளின் சொந்த யுபிஐக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். கட்டியதும் என்ஓசி (இனி பாக்கி இல்லை என்ற கடிதம்) வாங்குங்கள். கந்துவட்டிக்காரரிடம் கொடுத்த வெறும் செக், புரோநோட் இரண்டையும் பணத்தோடு சேர்த்து அங்கேயே திரும்பப் பெறுங்கள்.

நீங்கள் ஜாமீன் கையெழுத்தோ கூட்டுக் கையெழுத்தோ போடாதவரை கணவரின் தனிநபர் கடனுக்கு மனைவி பொறுப்பில்லை. வசூல்காரர் எவ்வளவு சத்தம் போட்டாலும் இதுதான் நிலை. இப்போது புதிதாக எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

6. மிரட்டல் வந்தால்

வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பிறகும் அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. பதிவான நிறுவனம் மீறினால் முதலில் அதற்கே எழுத்தில் புகார். 30 நாளில் பதில் இல்லாவிட்டால் ரிசர்வ் வங்கி ஓம்பட்ஸ்மன் (குறைதீர்ப்பாளர்). கட்டணம் கிடையாது, உதவிக்கு 14448. பதிவில்லாத கடன் ஆப், படத்தை மாற்றி எல்லாருக்கும் அனுப்புவோம் என்று மிரட்டினால் பணம் கட்டாதீர்கள். ஒரு தடவை கட்டியவரைத் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். ஸ்கிரீன்ஷாட்டும் அழைப்புப் பட்டியலும் எடுத்துவைத்து, தொடர்பு எண்கள், கேலரிக்கான அனுமதியை நீக்கி, அதன்பின் செயலியை அழியுங்கள். சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழைத்துப் புகார் எண் வாங்குங்கள். சொந்தபந்தங்களுக்கு நீங்களே முந்திக்கொண்டு ஒரு வரி அனுப்பிவிட்டால் மிரட்டுபவர்கள் கையிலிருக்கும் ஆயுதம் பாதி போய்விடும். கந்துவட்டிக்கு எதிராக 2003ஆம் ஆண்டுச் சட்டமும், கடன் வசூலில் வலுக்கட்டாயம் செய்வதற்கு எதிராக 2025இல் வந்த சட்டமும் தமிழ்நாட்டில் இருக்கின்றன.

விட்ட பணத்தை மீட்டுத் தருகிறோம் என்று டெலிகிராமில் வருபவர் அத்தனை பேரும் ஏமாற்றுக்காரர்கள். ஆட்டத்தில் விட்ட பணம் பற்றிப் போலீசுக்குப் போகும் முன் இலவசச் சட்ட உதவி மையத்தில் (15100) கேளுங்கள். மாநிலத்தின் 2022ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆன்லைன் சூதாட்டம் ஆடுபவருக்கும் தண்டனை இருக்கிறது. டாக்டரிடம் சொல்ல அந்தப் பயம் வேண்டாம், அவர் ரகசியம் காக்கக் கடமைப்பட்டவர்.

7. வீட்டுக்குள்

கடன் பேச்சுக்கு வாரத்தில் ஒரு நாள், அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஞாயிறு மாலை ஸ்டேட்மென்ட்டை இருவரும் சேர்ந்து பார்ப்பது என்று வைத்துக்கொள்ளலாம். மற்ற ஆறு நாளும் அதைச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவராதீர்கள். குழந்தைகள் தலையில் சத்தியம் வாங்க வேண்டாம். சத்தியம் மீறியவர் அதை மறைக்கத்தான் பார்ப்பார். பிள்ளைகளுக்கு அவர்கள் வயதுக்குத் தக்கபடி, "அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, வைத்தியம் பார்க்கிறோம், கொஞ்ச நாள் செலவைக் குறைக்கணும்" என்று சொன்னால் போதும்.

உங்கள் தூக்கமும் பசியும் போயிருந்தால் 14416 உங்களுக்கும் உண்டு. மீதி நகையை உங்கள் பெயரில் மட்டும் உள்ள லாக்கரில் வையுங்கள். அடித்தோ மிரட்டியோ நகையைப் பிடுங்குவது 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ் பொருளாதார வன்முறை. பெண்கள் உதவி எண்ணான 181க்கு அழையுங்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் சட்ட உதவி இலவசம். நோய் என்பதால் அடியைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

8. மறுபடி ஆடினால்

பலரும் ஒருமுறையாவது வழுக்குகிறார்கள். சம்பள நாள், தீபாவளி போனஸ், ஐபிஎல் மாதங்கள், கையில் மொத்தமாகப் பணம் வரும் எந்த நாளும் ஆபத்தான நாள்தான். காலண்டரில் முன்கூட்டியே குறித்துவைத்து, அந்த வாரத்தில் மருத்துவர் சந்திப்பு வரும்படி பாருங்கள்.

வழுக்கினால் என்ன செய்வதென்று அவர் தெளிவாக இருக்கும் நாளிலேயே பேசி, எழுதி, பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள்: 24 மணி நேரத்துக்குள் சொல்வது, அன்றே யுபிஐ வரம்பைப் பூஜ்யமாக்குவது, அந்த வாரமே டாக்டர், புதுக் கடன் இருந்தால் பட்டியலில் கடைசி வரியாகச் சேர்ப்பது. சொன்ன அன்று திட்டுவதில்லை என்று உங்கள் பங்குக்கு ஒரு வரியை நீங்களும் எழுதுங்கள். 90ஆம் நாள் நான்கு கடன் அறிக்கைகளில் இன்னும் எடுக்காத ஒன்றை எடுத்துப் பழைய பட்டியலோடு ஒப்பிடுங்கள். இதற்காகவே முதல் மாதத்தில் ஒன்றை எடுக்காமல் மிச்சம் வைக்க முடிந்தால் நல்லது.